அறிவாளிகள் சங்கமும் குளத்துக் குழியும்

நாகர்கோவிலில் புத்திக்கூர்மை உள்ளவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பரீட்சை எழுதி என் கணவரும் பத்து வயது மகளும் அதில் சேர்ந்தார்கள். பூதப்பாண்டியிலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய் வருவார்கள்.

ஐப்பசி மாதம் அஞ்சுகிராமத்திலிருந்து என் தம்பி வந்திருந்தான். நீச்சல் அறியாதவன். நான் குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, "மக்கா, இங்க ஆழம் எவ்வளவு?" என்று என் மகளிடம் கேட்டான். அவள் தண்ணீருக்கு வெளியே தெரிந்த படிகளை எண்ணிப் பார்த்து மனக்கணக்குப் போட்டு, "இடுப்பளவுதான் மாமா" என்றாள். கோடையில் வயலுக்கு வண்டல் அள்ளிய குழி அங்கே இருந்தது அவளுக்குத் தெரியாது. இறங்கியவன் தலை மறைய மூழ்கினான். கையிலிருந்த ஈரச் சேலையை வீசினேன். நல்லவேளையாக அதைப் பிடித்துக்கொண்டான், இழுத்துக் கரையேற்றினேன்.

"தெரியாதுன்னு சொன்னா என்னட்டி?" என்று கத்தினேன்.

"சங்கத்துல அப்படிச் சொன்னா எல்லாரும் சிரிப்பாவ, அம்மா" என்று அழுதாள்.

சங்கமே வேண்டாம் என்றார்கள் உறவினர்கள். நான் நிறுத்தவில்லை. அவளுக்கு ஈடாகப் பேச அங்கேதான் தோழிகள் கிடைத்தார்கள். என் கணவர் சீட்டாட்டத்தை விட்டுப் புத்தகம் எடுத்ததும் அங்கே போன பிறகுதான். பிள்ளைகளானாலும் பெரியவர்களானாலும் தாராளமாகச் சேரலாம் என்பேன்.

ஆனால் இப்போதெல்லாம் இருவரும் திரும்பி வந்ததும், இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு, "இன்னைக்கு எதைத் தெரியாதுன்னு சொன்னிய?" என்று கேட்கிறேன். பதில் வந்தால்தான் குழம்பு ஊற்றுவேன்.

மகள் உடனே சொல்லிவிடுகிறாள். அவள் அப்பாவுக்குத்தான் சோறு ஆறிப்போகிறது.