பதினாறாம் எண் புளியமரம்

1. உத்திரமேரூருக்குத் தெற்கே ஓர் ஏரியின் கீழே, கரும்பு வெட்டி முடித்த நிலத்தில் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்தினார்கள். பங்குனி மாதம், பிற்பகல்.
2. காற்று திசை மாறியது.
3. தீ வரப்பைத் தாண்டி முள்காட்டுக்குள் போனது. அங்கிருந்து ஏரிக்கரைப் பனைகளுக்கு ஏறியது.
4. கரையடியில் இருந்த இருளர் குடியிருப்பில் ஐந்து வீடுகளின் கூரை எரிந்தது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
5. தீயணைப்பு வண்டி முள்ளுக்குள் வர முடியாமல் ரோட்டிலேயே நின்று, குழாய் எட்டிய வரை தண்ணீர் அடித்தது.
6. மூன்றாம் நாள் காலை, எரிந்ததை அப்புறப்படுத்தவும் விழக்கூடிய மரங்களைக் கணக்கெடுக்கவும் ஒன்றிய அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. சிவில் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சிறு பாலங்களையும் சிமெண்ட் ரோட்டையும் அளந்திருக்கிறேன், மரத்தை அளந்ததில்லை. அதனால் எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். கருகிய மரத்துக்குச் சிவப்பு எண், வெட்ட வேண்டும். பச்சையாக நிற்கும் மரத்துக்கு வெள்ளை எண், விட்டுவிடலாம். மதியத்துக்குள் இருபத்திரண்டு மரங்களுக்கு எண் போட்டுவிட்டேன். வேலைக்கு வந்தவர்கள் எனக்கு ‘நம்பர் மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலைக்கு வந்தவர்கள் என்றால், கூரை இழந்த அதே குடும்பங்கள்தான். பெண்கள் சாம்பலை அன்னக்கூடையில் வாரினார்கள். ஆண்கள் முள் வேர்களைக் கடப்பாரையால் கிளறி, உள்ளே புகைந்த இடங்களில் தண்ணீர் ஊற்றினார்கள். மேலே ஆறிவிட்ட மண் கீழே சுட்டது. என் செருப்பின் அடி முதல் நாளே இளகிவிட்டது.

புளியமரத்தடி வீட்டு அக்கா எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவர். அவர் வீட்டில் மண்சுவர் நான்கும் நின்றன. உள்ளே மிஞ்சியது நசுங்கிய அலுமினியக் குண்டானும் ஒரு மண்பானையும். பானையின் அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை இருந்தது. வயலில் எலி வளைக்குப் புகை போடும் பானை அது. வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, வாயை வளையில் பொருத்தி, அடி ஓட்டை வழியாக ஊதுவார்கள். புகை எந்த வளையில் வெளியே வருகிறதோ அங்கே எலி வரும்.

“எல்லாம் போயி இது மட்டும் கீது பாரு,” என்றார். “நெருப்புக்குன்னே செஞ்சது, அதுக்கு இன்னா ஆவும்?”

புளியமரத்தின் உச்சி பச்சையாக இருந்தது. நான் வெள்ளையில் பதினாறு என்று எழுதினேன்.

“அப்ப கூரை போட்டுக்கலாமா மேடம்?”

“போட்டுக்குங்க அக்கா. மரம் நல்லாதான் இருக்கு.”

மறுநாள் என் விதி முதல் அடி வாங்கியது. சிவப்பு எண் போட்ட ஒன்பது பனைகளை வெட்டச் சொன்னபோது, அக்காவின் வீட்டுக்காரர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பனமரத்துக்கு ஒடம்பு கருத்தா இன்னா மேடம், நான் கூடத்தான் கருப்பா கீறேன். வெட்டிடுவீங்களா? குருத்து கீதான்னு பாக்கணும்.”

ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தார். ஆறு மரங்களில் குருத்து வேகாமல் இருந்தது. ஆறு சிவப்பு எண்களையும் சுண்ணாம்பு பூசி அழித்தேன். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது.

ஐந்தாம் நாள் புளியமரத்தடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தீ வந்த பக்கம் வேரோரம் குடத்தளவு ஒரு கருகிய பொந்து இருந்தது. அதன் வாயில் புதுச் சாம்பல். முந்தின நாள் மாலை அந்த இடத்தைப் பெருக்கியதை நானே பார்த்திருந்தேன். பொந்துக்குள் கையை நீட்டினேன். சூடு அடித்தது. மரம் வீட்டின் பக்கமாகச் சாய்ந்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

மண்சுவர்மேல் கழி கட்டி முடித்திருந்தார்கள். ஓலை ஏற வேண்டியதுதான் பாக்கி.

“அக்கா, கூரை வேலையை நிறுத்துங்க. இந்த மரம் விழும்போல இருக்கு. வெட்டணும்.”

அக்கா கழியிலிருந்து இறங்கவில்லை. “அன்னைக்கு நல்லா கீதுன்ன. பனையில தப்பு பண்ணிட்ட, இப்ப புளியமரத்துக்கு வந்துக்கினியா?”

“வீட்டைத் தள்ளிப் போட்டுக்கலாமே அக்கா. இடம் இருக்கே.”

அப்போதுதான் இறங்கினார். அருகில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எங்க கையில பட்டாவா கீது? இந்த மரந்தான் எங்களுக்குப் பட்டா. புளியமரத்தாண்ட வூடுன்னா ஊருக்கே தெரியும். மரம் போயி, வூடும் நவுந்துச்சுன்னா, பக்கத்து நெலத்துக்காரு வேலிய இஸ்துக்கினு வந்துடுவாரு. அப்பறம் நாங்க எங்க போயி நிக்கிறது?”

என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 

“மரம் கெட்டியாத்தான் கீது. இப்ப காட்டறேன் பாரு,” என்று அக்கா பானையை எடுத்துவந்தார்.

வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்தார். பொந்தின் வாயில் பானையைப் பொருத்தி, சுற்றிலும் ஈரமண் அப்பினார். மண்டியிட்டு ஊதத் தொடங்கினார். எங்கும் புகை வராவிட்டால் மரம் கெட்டி. எல்லாரும் கூடையை வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

“பாத்து ஊது, மரத்துலருந்து எலி குதிக்கப் போவுது,” என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மூன்று ஆள் உயரத்தில், முதல் கிளை பிரியும் இடத்தில், புகை வந்தது. அடுத்து வீட்டைப் பார்த்த பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், பட்டையில் நூல்போல ஒரு வெடிப்பு, அதிலிருந்தும் வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அக்கா குனிந்து ஊதிக்கொண்டே இருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சிரிப்பு நின்றுபோனதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

கொஞ்ச நேரம் புகையையே பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“வெட்டிடுங்க,” என்றார். 

ஒன்றிய அலுவலகம் சொல்லியிருந்த முறைப்படி மரத்தை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்து, குழியை மூட வேண்டும். நான் இடுப்பளவு அடிமரத்தை விட்டு வெட்டச் சொன்னேன். கயிறு கட்டி ஏரிப் பக்கமாக இழுத்துச் சாய்த்தார்கள். உள்ளே புகைபோக்கிபோலக் குடைந்து கருத்திருந்தது. வீட்டுப் பக்கம் மிஞ்சியிருந்த மரம் இரண்டு விரல் கனம். பத்து நாள் கழித்து, சித்திரை மழைக்கு முன்னால் வந்த காற்றில், ஏரிக்கரையில் நல்ல மரங்களே இரண்டு சாய்ந்தன.

அடிமரம் ஏன் நிற்கிறது என்று மேலதிகாரி கேட்டார். அளவுக்கு வேண்டும் என்றேன். அதுவும் உண்மைதான். அதிலிருந்துதான் டேப் பிடித்து அளந்தேன்: பழைய சுவர், வேரடி மண் இன்னும் சுட்டதால் தள்ளிக் கட்டிய புது வீடு, மற்ற நான்கு வீடுகள், பக்கத்து நிலத்து வேலி. தூரங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியை அறிக்கையோடு வைத்தேன். இன்னொன்றை அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. “இதுல மரம் எங்க கீது?” என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நான்காக மடித்து நசுங்கிய குண்டானுக்குள் வைத்தார்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் அந்த வழியாகப் போனேன். ஆறு பனைகளில் ஐந்து உயிரோடு இருக்கின்றன. அடிமரத்தின் பக்கத்தில் துளிர்த்தது வளர்ந்து மரமாகிவிட்டது. பதினாறு என்ற எண் அழிந்துவிட்டது. வீடு அதிலிருந்து கிழக்கே பதினெட்டு மீட்டரில் இருக்கிறது. வேலி நகரவில்லை. அந்த வரைபடத்தோடு அவர்கள் கொடுத்த பட்டா மனு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. பட்டா இன்னும் வரவில்லை.