தாழிக்குள் போட்ட வளையல்

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய மண்தாழி. அதன் காலடியில் ஒரு பச்சை வளையல் கிடக்கிறது. 'இறந்தவருடன் வைக்கப்பட்ட கண்ணாடி வளையல்' என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். அது என் அக்காவுடையது. அருப்புக்கோட்டைப் பொங்கல் திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கியது.

எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பருத்திக் காட்டில் கிணறு வெட்டும்போது அந்தத் தாழி கிளம்பியது. அந்தக் காலத்தில் செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பானை. மறுநாள் அதிகாரிகள் எடுத்துப்போவதாக இருந்தது. தாழி கிளம்பினால் அதை வெறுமனே அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு கைப்பிடி கம்புத் தானியமும், வீட்டுக் கன்னிப்பெண் உடம்பில் கிடக்கும் பொருள் ஒன்றும் உள்ளே போட வேண்டும். அக்கா வளையலைக் கழற்றி, தாழிக்குள் இருந்த மண்ணில் விரலால் அழுத்திப் புதைத்தாள். "உள்ள இருந்தவுக கைக்கு இது சேருமாம்மா?" என்று கேட்டு அம்மாவிடம் ஒரு முறைப்பு வாங்கினாள். தாழியை ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அன்று பிடித்த ஆசை. கல்யாணம், பிள்ளை, நோவு என்று அது தள்ளிக்கொண்டே போனது.

அப்புறம் சர்க்கரை வந்து அவள் கண்ணைத் தின்ன ஆரம்பித்தது. இனிப் பார்வை நிற்காது என்று மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். அத்தான் அதிகம் பேசாத மனிதர். நூல் லோடு அடிக்கிற தன் வேனில் மெத்தையைப் போட்டு, கேஸ் அடுப்பையும் தண்ணீர்க் கேனையும் ஏற்றினார். "ஏறு. கண்ணு இருக்கும்போதே பாத்துட்டு வந்துருவோம்" என்றார். துணைக்கு நான். தாழி எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டோம். மரத்தடியில் சோறு பொங்கி, பெட்ரோல் பங்குகளில் வேனுக்குள்ளேயே படுத்தோம். ஓர் ஊரில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று கதவு சாத்தியிருந்தது. இன்னோர் ஊரில் இருந்தது அறிவியல் கூடம். பூசணிக்காய் அளவுக்கு ஒரு கண்ணைச் செய்து, தொட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். அக்கா அதை நிதானமாகத் தடவினாள். "இதுல எனக்கு எதுடி கெட்டது?" என்றாள். பின்பக்கத்து விழித்திரையில் அவள் விரலை வைத்தேன். "இம்புட்டுத்தானா?" என்றாள். அத்தான் வேகமாக வெளியே போய்விட்டார்.

கடைசியில் தாழியைக் கண்டுபிடித்தோம்; பெட்டி மேல் எங்கள் ஊர்ப் பேர் இருந்தது. அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. காவலாளி தள்ளி நிற்கச் சொன்னார். "கறுப்பாத்தாண்டி தெரியுது" என்றாள். இவ்வளவு தூரம் வந்தது வீண். வேறென்ன செய்ய? கீழே கிடந்த வளையலைப் பற்றிச் சொல்லி, அட்டையைப் படித்துக் காட்டினேன்.

"ஏண்டி, நானா செத்தவ?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இது தப்பு என்று அலுவலகத்தில் சொல்லக் கிளம்பிய என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சொல்லிறாத. குப்பையில போட்டுருவாக. கெடந்துட்டுப் போகட்டும்."

திரும்பும்போது திருச்சுழி ரோட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "வெளிய என்னடி இருக்கு?" என்றாள்.

"கருவேல முள்ளுதான்."

"அதப் பாக்காட்டி ஒண்ணும் நட்டமில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

போன ஐப்பசியில் சிறுநீரகமும் கைவிட, அக்கா போய்விட்டாள். அத்தான் வேனை விற்றுவிட்டார். அவள் சேலைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. இன்றைக்குத் தனியாகப் பஸ் ஏறி இங்கே வந்தேன். தாழி அப்படியே இருக்கிறது, வளையலும் இருக்கிறது. அட்டையை மாற்றவில்லை. 'இறந்தவருடன் வைக்கப்பட்ட கண்ணாடி வளையல்.' தப்பு என்று அன்றைக்குச் சிரித்தோம். இன்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். இப்போது அதில் தப்பு எதுவும் இல்லை.