இரண்டாவது டப்பா

மாமா முதலில் நேராகத்தான் கேட்டார். "இன்னிக்கே வேணும்னா ஒரு ஜாங்கிரி. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கினா ரெண்டு." நான் யோசிக்கவே இல்லை, ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அம்மாவின் தம்பியான அவருக்கு என்னைச் சீண்டிப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை.

அவருக்கு முன்னாலும் அப்போது அதே கேள்விதான் இருந்தது. சுரங்கத்துக்கு அவர் நிலம் போகிறது. உடனே ரொக்கம் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் சுரங்கத்திலேயே பர்மனென்ட் வேலைக்குக் காத்திருக்கலாம். ரொக்கமே போதும் என்றுதான் இருந்தார். அதற்குள் ஒரு தரகர் அவரைச் சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்பில் ஆளில்லாத குவார்ட்டர்ஸ் ஒன்றுக்கு அழைத்துப்போய், சாவியைக் கையில் வைத்துவிட்டார். "வேலையோட இந்த வூடும் உங்களுதுங்க. ரொக்கம்தான் வேணும்னா சாவிய குடுத்துடுங்க." மாமாவால் கொடுக்க முடியவில்லை. நிலத்துப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் அந்த வீட்டைப் பெருக்கப் போனோம். அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் குடியில்லை. ஜன்னல் கம்பியெல்லாம் கரித்தூள். மாமா கதவைத் தட்டிவிட்டுத்தான் பூட்டைத் திறப்பார். உள்ளே யாருமில்லாதபோது எதற்குத் தட்டுகிறார் என்று பயந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

ஒருநாள் அங்கே வைத்து இரண்டு ஜாங்கிரியை என் கையிலேயே கொடுத்தார். "ரெண்டும் உன்துதான் பாப்பா. இன்னிக்கே தின்னா ஒண்ண நான் எடுத்துக்குவேன்." என்னுடையதை எப்படி விட்டுக்கொடுப்பது? தின்னாமல் டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அந்த வித்தையைத் தான் எங்கே கற்றோம் என்று மாமாவுக்கே தெரிந்திருக்காது.

அடுத்த ஞாயிறு, பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் உள்ளே தரை ஈரமாக இருந்தது. யாரோ பெருக்கித் துடைத்திருந்தார்கள். அலமாரியில் என் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா. திறந்தால் இரண்டு லட்டு.

"மாமா, நாலாயிடுச்சு!" என்று குதித்தேன்.

"தொடாத. அது வேற புள்ளையோடது." குரல் அவருடையதாகவே இல்லை.

எந்தப் பிள்ளை? கதவுக்குப் பின்னால், குளியலறையில், எங்கேயும் யாருமில்லை. பேய்ப்பிள்ளைதான் என்று முடிவுகட்டி, பயத்தில் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே சாவிய அந்தத் தரகன் இன்னும் எத்தினி பேருக்குக் குடுத்துகிறானோ."

அடுத்த ஞாயிறும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பேயிருக்கிற வீடென்று தெரிந்த பிறகும் மனிதர் ஏன் போகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.