மேசை விளக்கில் ரப்பர் பால்

எழுபதுகளில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போ டவுனுக்கு மருமகளாக வந்தேன். "நாங்க டவுன் ஆளுங்க" என்று மாமியார் சொல்லாத நாளில்லை. நான் கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவுவார்.

நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், மூலையில் கிடந்த பழைய மேசை விளக்கைப் புதுசாக்கினேன். துருவைத் தேய்த்துச் சாயம் அடித்தேன். பல்பைச் சுற்றியிருந்த கிழிந்த மூடியின்மேல் என் சேலைத் துணியை ஒட்டினேன். தோட்டத்தில் எதை ஒட்டவும் எங்களுக்கு ரப்பர் பால்தான். தம்பி ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததும் விளக்கைப் போட்டேன். பல்பு சூடேறச் சூடேற வீடே நாறியது.

மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "சாக்குல அழுகின ஒட்டுப்பால் நாத்தம்! தோட்டத்துக்காரிக்கு வேற என்னலா தெரியும்?"

மாப்பிள்ளையின் அம்மா நிதானமாகக் கேட்டார்: "பால்மரம் வெட்டி, கோப்பையில ஒட்டுன பாலைச் சாக்குல சேர்த்தவங்களுக்குத்தான் அந்த நாத்தம் தெரியும். நீங்க எந்தத் தோட்டம் அக்கா?"

மாமியார் விளக்கை அணைக்கக் கை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன். எரியட்டும் என்று விட்டேன்.

அவர் பிறந்த இடத்தை மறைத்தது எனக்குப் புரிகிறது. அந்தத் தட்டுகளை மறுபடி கழுவியதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.