சத்தமில்லாத துப்பாக்கியும் அண்ணன் பேரு வைஃபையும்

இன்னிக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ரெண்டு வருஷமா சேர்த்ததை என் கையாலேயே அழிச்சேன்.

துபாய் பக்கத்துல அஜ்மான்ல நாங்க ஆறு பேர் ஒரே ரூம். ஆறு பேருக்கும் ஒரே வைஃபை. லைன் இருந்தது ரூம்ல மூத்தவரான அண்ணன் பேருல. ராமநாதபுரம் பக்கத்து ஆளு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர். எவன் எதைப் பார்த்தாலும் கணக்குல அவர் பேருதான்.

நான் துபாய் குடோன்ல ஸ்டோர் கீப்பர். பஸ்ஸுல போகவர நாலு மணி நேரம். மத்தவங்க தூங்குவாங்க, இல்ல சீரியல் பார்ப்பாங்க. எனக்குக் கிறுக்கு வேற. ரகசியப் போலீஸும் உளவாளிகளும் வச்சிருந்த சத்தமில்லாத கைத்துப்பாக்கிகளோட சரித்திரத்தைத் தமிழ்ல புத்தகமா எழுதணும்னு ஆசை, பஸ்ஸுல உக்காந்து போன்லயே எழுதுவேன். போர்க்காலத்துல செஞ்ச ஒண்ணு, பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். செஞ்ச கம்பெனி பேரு, நாட்டுப் பேரு எதுவுமே அதுல பொறிக்கல. இன்னொண்ணு, வெடிக்கிற புகையைத் தோட்டாவுக்குள்ளயே அடைச்சிடும். வெங்காயம் நறுக்கும்போது அண்ணன்கிட்ட இதெல்லாம் சொல்லுவேன். "உனக்கு வேற வேலையே இல்லையாடா"ம்பார்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை ஃப்ளைட். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மத்தியானம், நிச்சயதார்த்த வீடியோவைக் காட்ட ரூம் டிவியில யூடியூபைத் திறந்தார். திறந்தா வரிசையா சைலன்சர் துப்பாக்கி வீடியோ! நான் என் அக்கவுண்டை டிவியில போட்டது மறந்தே போச்சு.

அண்ணன் முகம் செத்துப்போச்சு.

"என் பேரு லைன்ல இதையா பார்த்துக்கிட்டு இருந்தே? ஏர்போர்ட்ல கைரேகை வைக்கும்போது புடிச்சு உக்கார வச்சா, எம்புள்ள கல்யாணத்துக்கு யாருடா நிப்பா?"

"அண்ணே, இது சரித்திரம்ணே. மியூசியத்துல இருக்குற சாமான்."

"அதை அரபியில போய் சொல்லு. துப்பாக்கி செஞ்சவனே பயந்துக்கிட்டு பேரு போடல. நீ எம்பேருல தேடுறியா?"

எனக்குன்னா ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஒருத்தரும் வரல, ஒருத்தரும் கேக்கல, வெறும் பயம்! "எங்க பொழப்புலயும் மண்ணை அள்ளிப் போடாத"ன்னு மத்த நாலு பேரும் சேர்ந்துக்கிட்டானுங்க. ஆனா அண்ணன் ஃப்ளைட் டிக்கெட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தார். டிவியில இருந்தது, போன்ல இருந்தது, எழுதி வச்ச பதினோரு அத்தியாயம், எல்லாத்தையும் அவர் கண்ணு முன்னாடியே அழிச்சேன். குப்பைத்தொட்டி ஃபோல்டரையும் காலி பண்ணச் சொன்னார். பண்ணித் தொலைச்சேன்.

வியாழக்கிழமை ஏர்போர்ட்ல இருந்து அண்ணன் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "தாண்டிட்டேன்டா. ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல." எனக்கு அழுகையே வந்துடுச்சு. இதுக்காகவாடா ரெண்டு வருஷம்!

ஒரு மாசம் கழிச்சுக் கல்யாண லட்டோட திரும்பி வந்தார். நான் சரியா முகம் கொடுக்கல. லட்டை என் கட்டில்ல வச்சார். டிவி சத்தத்தைக் கூட்டினார். கிட்ட வந்து குனிஞ்சார்.

"டேய், தோட்டாக்குள்ளயே புகையை அடைக்கும்னியே, அது எப்படிடா? பாதியில விட்டுட்டே."

பொத்துக்கிட்டு வந்துச்சு கோவம். கத்தணும்னு வாயைத் திறந்தேன். கத்தல. ரிமோட்டை எடுத்து, டிவி சத்தத்தை இன்னும் ரெண்டு புள்ளி கூட்டிட்டு, அவர் காதுகிட்ட போய்ச் சொல்ல ஆரம்பிச்சேன்.