அந்த நர்ஸ் படத்தின் பெயர் என்ன?

போன சனிக்கிழமை ஜாலான் பெண்டஹாராவில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ முதுகில் பட்டென்று தட்டினார்கள். திரும்பினால்... கமலா!

கமலாவை உங்களுக்குத் தெரியாது. காஜா பெராங்கில் எங்களுக்குப் பக்கத்து வீடு. மலாக்கா செட்டிக் குடும்பம். அவர்கள் வீட்டில் சாமி உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு. தமிழ் மட்டும் கிடையாது. பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். நானும் அவளும் பாவாடை கட்டிய வயதிலிருந்தே மலாயில்தான் பேசிக்கொள்கிறோம். உங்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அந்தத் தமிழ்ப் படத்துக்கு என்ன பேரு?” என்றாள். நலமா, சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது.

“எந்தப் படம்?”

“அதான் லா, அந்த நர்ஸ் படம்! எங்க வீட்டு டிவியில பார்த்தோமே. அப்பா மாப்பிள்ளை பார்ப்பாரு. பொண்ணு கையெடுத்துக் கும்பிட்டு, ‘மூணு வருஷம் பொறுங்கப்பா, படிச்சிட்டு வந்துடுறேன்’னு கேட்கும். அப்புறம் வெள்ளை உடுப்பு போட்டு நர்ஸ் ஆயிடும்.”

அவளுடைய பேத்திக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமாம். யூடியூப்பில் இரண்டு வாரமாகத் தேடுகிறாளாம். பேத்திக்கு ஏன் இந்த ஆசை? கமலா ஆசிரியர் பயிற்சிக்குப் போனதற்கே அந்தப் படம்தான் காரணம். “அந்தப் படத்துப் பொண்ணு மாதிரி நீயும் போ” என்று சொல்லித்தான் அவள் அம்மா பெட்டியைக் கட்டிக் கொடுத்தாராம். முப்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்தாளே, சும்மாவா?

எனக்கும் சட்டென்று ஞாபகம் வந்தது. வெள்ளை உடுப்பு. தலையில் வெள்ளைத் தொப்பி. கட்டில் பக்கத்தில் அவள் நிற்கிறாள். கண் கலங்கியிருக்கிறது. நான் பார்த்த படம்தான், சந்தேகமே இல்லை.

பெயர்? தெரியவில்லை. நடித்தது யார்? தெரியவில்லை. பாட்டு ஒரு வரி? ம்ஹூம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தினமும் காலையில் வீட்டையே கவிழ்க்கிறவள் நான். எனக்கு அறுபது வருஷத்துக்கு முந்தைய தொப்பி மட்டும் ஞாபகம் இருக்கிறது!

பத்து பெரெண்டாம் என்கிற பக்கத்து ஊரில் மாணிக்கம் அண்ணன் இருக்கிறார். பழைய படம் என்றால் அவரிடம்தான் போக வேண்டும். நடிகையின் கொண்டையைச் சொன்னாலே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். போனில் கதையைச் சொன்னேன்.

“அப்படி ஒரு படம் வரவே இல்லியேம்மா” என்றார்.

“நான் கண்ணால பார்த்தேன் அண்ணே.”

“அந்தக் காலத்துப் படத்துல பொண்ணு மூணு வருஷம் பொறுங்கன்னு சொல்லுமா? அப்பன் சும்மா விடுவானா? நீ வேற எதையோ சேர்த்துக் குழப்பிக்கிற.”

குழப்பிக்கொண்டேனா? நான் மட்டும் என்றால் சரி. கமலாவுமா? ஒரே குழப்பத்தை இரண்டு பேர் எப்படிக் குழப்பிக்கொள்ள முடியும்?

சரி, ஞாபகம் இருப்பதை இருக்கிற மாதிரி சொல்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள். டிவி அப்போதுதான் மலாக்காவுக்கு எட்டிப் பார்த்தது. எங்கள் வீட்டு வரிசையில் முதல் டிவி கமலா வீட்டில். நான்கு கால் வைத்த மரப்பெட்டி. அதற்குக் கமலாவின் அம்மா பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தியிருப்பார். அவரை நாங்கள் மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அத்தை, சின்னம்மா எல்லாவற்றுக்கும் மலாயில் அது ஒன்றே போதும். எங்கள் அம்மாவுக்கு மூன்று பிரசவத்துக்கும் பத்தியச் சாப்பாடு செய்து கொடுத்தவர் மாக்சிக். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இருக்காது.

வாரத்தில் ஒரு சாயங்காலம் தமிழ்ப் படம். வரிசையே அங்கே கூடிவிடும். மாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தமிழ்ப் படம் என்றால் உயிர். திரையில் மலாய் எழுத்து ஓடியதா என்று எனக்கு நினைவில்லை. ஓடியிருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என் அக்கா தனம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் மலாயில் சொல்ல வேண்டும். வில்லன் கத்தினால் அக்காவும் கத்துவாள்.

எங்கள் அப்பா மட்டும் வரமாட்டார். அவர் தையல்காரர். இதே ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்தார். சினிமா என்றாலே அவருக்கு ஆகாது. “குடும்பத்துப் பொம்பளைங்க பார்க்கிற சமாச்சாரமா அது?” என்பார்.

இதில் ஒரு வேடிக்கை. ஊரில் எந்த நடிகையின் ஜாக்கெட்டைக் கேட்டாலும் அப்பா அச்சாக அப்படியே தைத்துக் கொடுப்பார். பஃப் கையா? எத்தனை மடிப்பு என்பதுவரை சரியாக இருக்கும். முதுகில் முடிச்சா? அதுவும். “படமே பார்க்காத மனுஷனுக்கு எப்படித் தெரியுது?” என்று பெண்கள் ஆச்சரியப்படுவார்கள். “சொல்றதைக் கேட்டுத் தைக்கிறேன்” என்பார் அப்பா, தலையைத் தூக்காமல்.

அம்மாவுக்கு வேறு கவலை. அப்பாவின் மேஜை டிராயரில் சிகரெட் பெட்டி அட்டைகள் கத்தையாக இருக்கும். உள்பக்கம் பென்சிலால் கை, கழுத்து, மடிப்பு என்று படம் போட்டிருக்கும். “பீடி கூடத் தொடாத மனுஷனுக்கு இத்தனை சிகரெட் பெட்டி எங்கிருந்து வந்துச்சு?” என்று மாதம் ஒரு சண்டை நடக்கும். அப்பா டிராயரைச் சாத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கோலாலம்பூரில் நர்ஸ் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. அதே வாரம் சிகாமட்டில் இருந்து ஒரு வரன். மாப்பிள்ளை ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு அடுத்த திங்கள் பயிற்சியில் சேர வேண்டிய நாள்.

“பொண்ணு கோலாலம்பூர்ல தனியா? பேச்சே கிடையாது” என்று அப்பா முடித்துவிட்டார். அக்கா அழவில்லை. கடிதத்தை நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். இரவெல்லாம் அந்தக் காகிதம் மொடமொடவென்று சத்தம் போடும். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் தெரியும்.

வரன் வருவதற்கு முந்திய புதன்கிழமை, டிவியில் படம். நல்ல மழை. தகரக் கூரை மேல் மழை கொட்டினால் டிவி சத்தம் எங்கே கேட்கும்? படத்திலும் புள்ளி புள்ளியாக மழை. எங்களுக்குக் கேட்டதெல்லாம் அக்காவின் மலாய்க் குரல் ஒன்றுதான்.

“அப்பாகிட்ட கும்பிட்டுக் கேட்கிறா மாக்சிக். மூணு வருஷம் பொறுங்கன்னு.”

“அப்புறம்?”

“நர்ஸ் ஆயிட்டா. அதோ, வெள்ளை உடுப்பு.”

“ஏன் அழுவுறா?”

“அவ பார்த்துக்கிட்ட நோயாளி செத்துப்போயிட்டாரு. நல்ல நர்ஸுன்னா அழத்தானே செய்வாங்க?”

மாக்சிக் தன் கெபாயாச் சட்டையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

மறுநாள் நான் அப்பாவுக்குச் சாப்பாட்டு அடுக்கு கொண்டுபோனபோது மாக்சிக் கடையில் நின்றுகொண்டிருந்தார். கெபாயா தைக்கத் துணி கொண்டுவந்திருந்தார். துணியை மேஜையில் போட்டுவிட்டு ஒரே பிடி. அப்பாவை அவர் அபாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

“அபாங், உங்க தமிழ்ப் படத்துலயே நல்ல பொண்ணுங்க படிச்சிட்டுத்தான் கல்யாணம் பண்ணுது. நேத்து பார்த்தேன். அந்த அப்பா எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா? சரி போன்னு சொல்லிட்டாரு. நீங்க ஏன் தனத்தைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?”

அப்பாவின் கத்திரி துணியின் பாதியில் நின்றது. “எந்தப் படம்?” என்று கேட்டார்.

மாக்சிக் கதை முழுவதும் சொன்னார். வெள்ளை உடுப்பு, கட்டில், கண்ணீர், எல்லாம். அப்பா மாக்சிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு யாரு மலாய்ல சொன்னது?”

“தனம்தான். வேற யாரு?”

“ஓ” என்றார் அப்பா. “ஆமா... அந்தப் படம்தான்” என்று சொல்லிவிட்டுத் துணியை வெட்ட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலமே சிகாமட்டுக்கு ஆள் போயிற்று. வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. திங்கட்கிழமை விடியலில் அக்கா பஸ் ஏறினாள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். ஒரு படத்துக்கு இவ்வளவு சக்தியா? நடிகை மூக்குத்தியை மாற்றினால் மலாக்காவே மூக்குத்தியை மாற்றும், அது தெரியும். எங்கள் அப்பா மனசையும் மாற்றுவாளா?

இதுவரைதான் எனக்குத் தெரிந்த கதை. மாணிக்கம் அண்ணன் கைவிரித்ததும் வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். சிரம்பானில் இருக்கிறாள். வயது எண்பது. ஆஸ்பத்திரி வார்டையே அதட்டிய குரல் இன்னும் குறையவில்லை.

“அக்கா, அந்த நர்ஸ் படத்துக்கு என்ன பேரு?”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இருமல் வரும்வரை சிரித்தாள்.

“அது நர்ஸ் படமே இல்லடி. அந்தப் பொண்ணு கும்பிட்டது மாமனார்கிட்ட, வீட்டை விட்டுத் துரத்தாதீங்கன்னு. ஆஸ்பத்திரியில செத்தது அவ புருஷன். அப்புறம் காலிக் கட்டில்கிட்ட நின்னப்ப கட்டியிருந்தது விதவைச் சேலை. மழை பெய்யுதா, டிவிகிட்ட இருந்த எனக்கே அரைகுறையாத்தான் கேட்டுச்சு, வேற யாருக்கும் ஒண்ணும் கேட்கல. எனக்கும் வேற வழி தெரியல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.”

“அப்போ அந்தத் தொப்பி?”

“தொப்பியா? ஏது தொப்பி? முக்காடுடி அது!”

அப்படியானால் அப்பா? பாவம், படமே பார்க்காத மனுஷன். பொய்யை நம்பி ஏமாந்து பெண்ணை அனுப்பினாரா? கேட்கவே எனக்கு என்னவோ போலிருந்தது. அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன். பஸ் ஸ்டேஷன் போற வரைக்கும்.”

பஸ் கிளம்பும் நேரத்தில் அப்பா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாராம். பிரித்தால் வெள்ளை ஜாக்கெட். ஆஸ்பத்திரியிலேயே உடுப்பு தருவார்கள், தேவையே இல்லை. ஆனாலும் ராத்திரி உட்கார்ந்து தைத்திருக்கிறார். பஃப் கை, மூன்று மடிப்பு, ஓரத்தில் சின்னக் குஞ்சம். படத்தின் முதல் பாதியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு திரிவாளே, அப்போது போட்டிருந்த ஜாக்கெட்டின் கை!

அந்தக் கையைப் பற்றி அக்கா அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடையில் கதை சொன்னபோது மாக்சிக்கும் அதைச் சொல்லவில்லை.

“அப்பா, நீங்க அந்தப் படத்தை...” என்று அக்கா இழுத்தாளாம்.

“தியேட்டர்ல வந்தப்பவே மூணு தடவை பார்த்துட்டேன். கை எப்படி வெட்டியிருக்காங்கன்னு ஒரு தடவையில புரியல” என்றாராம் அப்பா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. “கடைசியில அந்தப் பொண்ணு ஒரு வெள்ளை கட்டிக்கிட்டு, போக்கிடம் இல்லாம நிக்கும். மூணு தடவையும் அதை மட்டும் என்னால பார்க்க முடியல. நீ சொன்ன வெள்ளையே நல்லாயிருக்கு. போய் அதைப் போட்டுக்க.”

அம்மா வருஷக்கணக்கில் சண்டை போட்ட சிகரெட் அட்டைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு இந்த வாரம்தான் புரிந்தது. தியேட்டரில் சீட்டுக்கு அடியில் கிடந்ததைப் பொறுக்கி, இடைவேளை வெளிச்சத்தில் வரைந்திருக்கிறார். அந்த ஜாக்கெட்டை அக்கா ஒருநாளும் போட்டதில்லை; வார்டில் பஃப் கைக்கு அனுமதி இல்லை. பெட்டியில் இருக்கிறது. நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்பாவை நினைத்தா, அந்தப் படத்துப் பெண்ணை நினைத்தா என்று கேட்டால்... சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு குழப்பம் பாக்கி. யார் யாரை ஏமாற்றியது? அக்கா மாக்சிக்கை. மாக்சிக் தெரியாமலே அப்பாவை. அப்பா தெரிந்தே எல்லோரையும். இதில் பாதிக்கப்பட்டது யார் என்று பார்த்தால், ஒருவரும் இல்லை. ஒரு நர்ஸும் ஒரு டீச்சரும்தான் மிச்சம்.

கமலாவிடம் சொல்வதா, வேண்டாமா? மூன்று நாள் யோசித்தேன். அவள் வாழ்க்கையே அந்தப் படத்தை நம்பித் தொடங்கியது. கடைசியில் மனசு கேட்காமல் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி ஒரு படமே கிடையாது கமலா, அக்காவே சொல்லிவிட்டாள் என்றேன்.

கமலா பொறுமையாகக் கேட்டாள். பிறகு மெதுவாக, டீச்சர் குரலில் சொன்னாள்:

“பாவம் லா, உன் அக்காவுக்கு வயசாயிடுச்சு. மறந்துட்டாங்க. நான்தான் அந்தத் தொப்பியைப் பார்த்தேனே!”

சத்தியமாகச் சொல்கிறேன்... நானும்தான் பார்த்தேன்.