வரி தெரியாத தொடைக்கறி

மராட்டிய ஊரான தளேகாவ் பக்கம் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் தசை ஸ்லைடுகள் எல்லாம் சாயம் வெளுத்துக் கிடந்தன. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பேராசிரியை என்னைக் கூப்பிட்டு, மூன்று வகைத் தசைக்கும் புதிதாக ஸ்லைடு போடச் சொன்னார். ஆட்டில் எடுத்தால் போதுமாம்.

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரில் சைவக் குடும்பத்தில் பிறந்து, சைவக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பத்தொரு வயதுவரை கறிக்கடைப் படியேறாதவள் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகளுக்காகப் பதினோரு வருடம் விட்டிருந்த வேலை. திரும்பக் கிடைத்ததே பெரிது.

மறுநாள் காலை, தேஹு ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கறிக்கடையில் நின்றேன். பையில் மூன்று பாட்டில் ஃபார்மலின். வெட்டிய சூட்டோடு அதில் போடாவிட்டால் திசு கெட்டுவிடும். மனப்பாடம் செய்து வைத்திருந்த இந்தியில் கேட்டேன்: தொடையில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு, இதயத்தில் அதே அளவு, குடலில் ஒரு விரல் நீளம்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "தீதி, கித்னே லோக் காயேங்கே?" எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"யாரும் சாப்பிட மாட்டார்கள்" என்று இந்தியில் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் ஓரடி தள்ளிப்போனார். அவசரமாகக் கல்லூரி, மாணவர்கள், தேர்வு என்று விளக்கினேன். படிக்கிற பிள்ளைகளுக்கு என்றதும் கடைக்காரர் நிமிர்ந்துவிட்டார். இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொழுப்பில்லாத இடமாக அவரே தேர்ந்தெடுத்து வெட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டு அக்கா வர வேண்டும்? சென்னைக்காரர்.

"ஏங்க, நீங்க சுத்த வெஜ்ஜுன்னு சொன்னீங்க?"

"இது காலேஜுக்குங்க அக்கா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தாங்க சொல்லுவாங்க. இதயம் எதுக்கு? சுவரொட்டி வாங்குங்க, ரத்தம் ஊறும்." ஆட்டு மண்ணீரலைத்தான் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் ஏறியபின்தான் ஒரு பாட்டிலின் மூடி இறுகவில்லை என்று தெரிந்தது. தளேகாவ் வந்து சேர்வதற்குள் ஃபார்மலின் நெடியில் ஓட்டுநர் உட்பட அத்தனை பேரும் கண்ணீர் விட்டோம். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் மற்றவர்களோடு சேர்ந்து, வெங்காய லாரி ஏதும் முன்னால் போகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

அடுத்த சில நாள் திசுவிலிருந்து தண்ணீரை எடுத்து, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றினேன். குடல் முதல் தடவையே அழகாக வந்தது. இரண்டு முனையும் கூராக, நடுவில் ஒரே உட்கருவோடு, வரியே இல்லாத செல்கள் நெருக்கிப் படுத்திருந்தன. இதயமும் ஏமாற்றவில்லை. நார்கள் கிளை பிரிந்து ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. லேசான குறுக்கு வரிகள்கூடத் தெரிந்தன.

தொடைதான் காலை வாரியது. தொடைத் தசைக்கு அடையாளமே வரிகள்தான். என் ஸ்லைடிலோ உருண்டை உருண்டையாக, ஓரத்தில் உட்கருப் புள்ளிகளோடு, கூழாங்கல் பரப்பியதுபோல் இருந்தது. பேராசிரியை குனிந்து பார்த்தார்.

"பட்டே குடே?" என்றார். மராட்டியில் வரிகளைத்தான் கேட்கிறார், பட்டைகள் எங்கே என்று. கறிக்கடைக்காரர் வேறு எதையோ கொடுத்துவிட்டாரோ என்று, பாவம், அந்த நல்ல மனிதரைக்கூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்லைடை மூலை மூலையாகத் தேடினேன். ஓரத்தில் ஒரே ஒரு நார் மடங்கிப் பக்கவாட்டில் படுத்திருந்தது. அதில் வரிகள்! அப்போதுதான் உறைத்தது. நாரை நீளவாக்கில் சீவினால்தானே வரி தெரியும்? நான் முருங்கைக்காய் நறுக்குவதுபோல் குறுக்கே சீவியிருக்கிறேன். பதினோரு வருடம் அடுப்படியில் பழகிய கை.

மெழுகை உருக்கி, துண்டைத் திருப்பி வைத்து, மறுபடி சீவினேன். இந்த முறை நீள நீளமான நார்கள், ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பும் வெளிறியதுமாக மாறி மாறி வரிகள். யாருமில்லாத லேபில் "அடி சக்கை!" என்று கத்தியேவிட்டேன்.

தேர்வன்று வெளியே வந்த இரண்டு பெண்கள் வராந்தாவில் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஸ்லைடு தொடையா, இதயமா? வரி இருந்ததே, அதனால் தொடைதான் என்றாள் ஒருத்தி. வரி இரண்டிலும் உண்டு, உட்கரு நாரின் நடுவிலல்லவா இருந்தது, கிளை பிரிந்ததையும் பார்த்தேன், இதயம்தான் என்றாள் மற்றவள். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்களே சொல்லுங்க, மேடம்!"

என்னை அங்கே யாரும் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தேர்வு விஷயம், வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் கிளையைப் பார்த்த பெண்ணைப் பார்த்து என் முகம் தானாகச் சிரித்துவிட்டது. தசைகளின் வேலை அது. நான் என்ன செய்ய?